கும்பகர்ணன் வெடித்தால்...!

மொத்தம் 151 பேர். அதில் ஒருத்தனை மட்டும் 'நீ ஆட்டத்துக்கே வராதேப்பா' என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 1997-ல் ஜப்பானில் நிண்டெண்டோ கப் என்ற பெயரில் போக்கிமான் போட்டி நடத்தியபோது போட்ட விதி இது. (கறாராகச் சொன்னால் இரண்டு பேர். மியூ என்ற இன்னொரு ஜந்துவுக்கும் தடை. அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) நான் சொல்ல வந்தது மியூடூ பற்றி.

போக்கிமான் தெரியாதவர்களுக்காக ஒரு பாரா. தெரிந்தவர்கள் தாண்டிக் குதித்துவிடலாம். 1996 பிப்ரவரி 27-ம் தேதி, கேம்பாய் என்ற கையடக்க மெஷினுக்காக ஜப்பானில் வெளிவந்த ஆட்டம். சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்பு. உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயசில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். அந்த ஆசையைத்தான் ஆட்டமாக்கினார். புல்லுக்குள் காலை வைத்தால் ஏதாவது ஒரு ஜந்து குதிக்கும். அதை உருண்டைக்குள் பிடித்துப் போட்டு, தீனி காட்டி வளர்ப்பதற்குப் பதில் சண்டை போட்டு வளர்த்து, ஆறு பேர் கொண்ட அணி சேர்த்து, சிநேகிதனின் மெஷினோடு கேபிள் போட்டு மோதவிடலாம். ஒவ்வொரு ஜந்துவும் நான்கே நான்கு வித்தைதான் வைத்துக்கொள்ள முடியும். இந்த 'நான்கு' என்ற எண்ணை மட்டும் மனசில் வையுங்கள். பாதி தகராறு அதில்தான்.

'ஆபீஸ் போகிற ஆளுக்கு எதற்கய்யா இந்தப் பொம்மைச் சண்டை?' என்பவர்களுக்கு: மரக்குதிரை ஏன் கோணலாகத் தாண்டுகிறது என்று செஸ் ஆடுகிறவனை யாரும் கேட்பதில்லை.

இதில் எனக்கு வாத்தியார் என் அக்கா பையன். இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். இன்றைக்கும் அந்தப் பழைய முதல் ஆட்டத்தைத்தான் ஆடுவான். "புதுசுல ஆயிரத்துக்கு மேல ஜந்து இருக்கு மாமா. எவன் மனப்பாடம் பண்றது? 151-ன்னா கணக்கு கைக்குள்ள நிக்கும்" என்பான். பரீட்சைப் புத்தகத்துக்கும் இதே கொள்கைதான் என்று அக்காவுக்கு வருத்தம்.

மியூடூவின் பூர்வீகம் கொஞ்சம் சோகமானது. ஆட்டத்துக்குள் ஒரு பாழடைந்த மாளிகை வரும். அங்கே கிடக்கும் டைரிக் குறிப்புகளைப் படித்தால் விஷயம் தெரியும். தென் அமெரிக்கக் காட்டில் கண்டுபிடித்த மியூ ஒரு குட்டி போடுகிறது. குட்டிக்கு மியூடூ என்று பெயர் வைக்கிறார்கள். அடக்க முடியாத பலசாலியாக வளர்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் கைவிரித்துவிடுகிறார்கள். ஆட்டத்தில் எல்லாரையும் ஜெயித்து சாம்பியன் ஆன பிறகுதான் அது ஒளிந்திருக்கும் செருலியன் குகைக்குள் நம்மை விடுவார்கள். அங்கே 70-ம் லெவலில் நின்றுகொண்டிருக்கும். தப்பவே விடாத மாஸ்டர் பால் என்ற உருண்டை ஆட்டம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். முக்கால்வாசிப் பேர் அதை இதற்குத்தான் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

பிடித்தவுடன் ஆட்டம் முடிந்தது என்று நினைத்தால் தப்பு. அதன் நிஜ ஆயுதம் 81-ம் லெவலில்தான் வரும். அம்னீசியா! அம்னீசியா என்றால் ஞாபகமறதி. மறதி வந்தால் பலம் இரட்டிப்பாகும் பிராணி. (கடன் வாங்கிய விஷயத்தில் இந்த சக்தி உள்ள இரண்டு மூன்று பேரை எனக்கும் தெரியும்.)

இங்கே கொஞ்சம் கணக்கு. ஒவ்வொரு ஜந்துவுக்கும் அடிப்படை மார்க் உண்டு. மியூடூவின் மார்க் ஷீட்: உயிர் 106, தாக்குதல் 110, தற்காப்பு 90, வேகம் 130, ஸ்பெஷல் 154. நம்ம பிகாச்சுவின் ஸ்பெஷல் வெறும் 50 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தில் இதை முந்த 151 பேரில் எலெக்ட்ரோட் ஒன்றால்தான் முடியும். ஜோல்டியானும் ஏரோடாக்டிலும் சமம். மற்றவர்கள் எல்லாம் பின்னால்தான்.

அதைவிட விஷயம் இந்த ஸ்பெஷல். முதல் ஆட்டத்தில் மின்சாரம், பனி, நெருப்பு, மனோசக்தி மாதிரி சமாசாரங்களால் அடிப்பதற்கும் அதே மார்க், அந்த மாதிரி அடிகளைத் தாங்குவதற்கும் அதே மார்க். வாளும் அதுவே, கேடயமும் அதுவே. 100-ம் லெவலில் முழுசாக வளர்ந்த மியூடூவின் ஸ்பெஷல் 406. ஒரு தடவை அம்னீசியா போட்டால் 812. இரண்டாவது தடவை போட்டால் 1,218 ஆகவேண்டும். ஆனால் ஆட்டத்தில் 999-க்கு மேல் போகாது. ஆக, இரண்டே முறையில் உச்சாணிக் கொம்பு. அதன்பிறகு அது 'சைக்கிக்' என்று மனோசக்தியை ஏவினால் எதிரே நிற்பவன் ஒவ்வொருத்தனாக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதான். அடிபட்டால்? ரிக்கவர் என்று ஒரு வித்தை. மொத்த உயிரில் பாதி திரும்பி வந்துவிடும்.

சரி, பலவீனமே கிடையாதா? உண்டு. காகிதத்தில்.

மனோசக்தி வகைக்குப் பூச்சி வகை என்றால் ஆகாது. ஆனால் அன்றைய ஆட்டத்தில் பூச்சி அடிகள் மொத்தமே மூன்று. மூன்றும் கொசுக்கடி ரகம். பூச்சிகளிலேயே பயில்வான்களான சைத்தருக்கும் பின்சிருக்கும் பூச்சி அடி ஒன்றுகூடத் தெரியாது. தெரிந்த பீட்ரில் என்ற குளவிக்குப் பாதி உடம்பு விஷ வகை. விஷ வகைக்கு மனோசக்தி என்றால் எமன். போய்ச் சேர்ந்துவிடும். ஜோல்டியான் பின் மிஸைல் என்று முள் எறியும். ஒரு முள்ளுக்கு சுமார் 20 புள்ளி. அதிர்ஷ்டம் இருந்து ஐந்து முள்ளும் பாய்ந்தால் 100. மியூடூவின் உயிர் 415!

அடுத்தது பேய் வகை. டி.வி. தொடரில் மனோசக்திக்காரியை மடக்க ஹீரோ பேயைத் தேடிப் போவான். அதைப் பார்த்துவிட்டு ஆட்டத்துக்குள் பேயை இறக்கினால், பேய் வகை அடி மனோசக்தி மேல் படவே படாது. பூஜ்யம். டி.வி.யில் ஒன்று, ஆட்டத்தில் ஒன்று! போதாக்குறைக்கு அன்றிருந்த மூன்று பேய்களும் பாதி விஷ வகை.

அப்புறம் எப்படித்தான் ஜெயிப்பது? அக்கா பையனைக் கேட்டேன்.

"அதோட ஸ்பெஷல் பக்கம் போகவே கூடாது மாமா. அம்னீசியா தற்காப்பைத் தொடாது. தற்காப்பு வெறும் 90. உடம்பால மோதணும்."

"யாரு மோதறது?"

"ஸ்நோர்லாக்ஸ்."

ஸ்நோர்லாக்ஸ் ஆட்டத்தின் கும்பகர்ணன். 460 கிலோ. வழியில் குறுக்கே படுத்துத் தூங்கும். புல்லாங்குழல் ஊதினால்தான் எழும். வேகம் 30 மார்க். மியூடூ பக்கத்தில் நிறுத்தினால் ராக்கெட்டும் மாட்டுவண்டியும். ஆனால் உயிர் 160 மார்க். 100-ம் லெவலில் 523 புள்ளி. இரண்டு அம்னீசியா போட்டு 999-ல் நிற்கும் மியூடூவின் சைக்கிக், ஸ்நோர்லாக்ஸ் மேல் அதிகபட்சம் 498 புள்ளிதான் எடுக்கும். முழு உயிரோடு இருந்தால் அந்த ஒரு அடியை வாங்கிக்கொண்டு நிற்கும். கிரிட்டிக்கல் அடி விழுந்தால்? அதில்தான் வேடிக்கை. அன்றைய ஆட்டத்தில் கிரிட்டிக்கல் அடி, ஏற்றி வைத்த பலத்தையெல்லாம் கணக்கிலேயே எடுக்காது. மியூடூவின் கிரிட்டிக்கல் சுமார் 390-தான். அதிர்ஷ்ட அடி சாதாரண அடியைவிடக் குறைவு! இந்த புரோகிராமை எழுதியவர் எந்த மூடில் இருந்தாரோ.

அடி வாங்கி நின்றுவிட்டால் அடுத்து கும்பகர்ணன் முறை. செல்ஃப் டிஸ்ட்ரக்ட்! தானே வெடித்துச் சாகும். வெடிக்கும்போது எதிராளியின் தற்காப்பைப் பாதியாக்கிக் கணக்குப் போடுவது அந்தக் கால ஏற்பாடு. மியூடூவுக்கு சுமார் 325 முதல் 380 புள்ளி வரை சேதம்.

கவனித்தீர்களா? உயிர் 415. முழு உயிரோடு இருக்கும் மியூடூ இந்த வெடிக்கும் தப்பித்துவிடும். ஸ்நோர்லாக்ஸ் செத்ததுதான் மிச்சம். ஆகவே அதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் 90, 100 புள்ளியாவது பிடுங்கி வைத்திருக்க வேண்டும். ஸ்நோர்லாக்ஸே பாடி ஸ்லாம் என்று மேலே விழுந்தால் 105-லிருந்து 124 வரை போகும். பாடி ஸ்லாம், அடுத்து வெடி, கதை முடிந்தது. ஆனால் வேகத்தில் முந்திய மியூடூ நடுவில் ரிக்கவர் போட்டுக்கொண்டால் எல்லாம் முதலிலிருந்து. முடக்குவாதம் வேண்டும். தண்டர் வேவ் போட்டு முடக்கினால் மியூடூவின் வேகம் கால்வாசியாகிவிடும். 358 இருந்தது 89. ஸ்நோர்லாக்ஸின் வேகம் 158. மாட்டுவண்டி ராக்கெட்டை ஓவர்டேக் பண்ணும். அதோடு நாலில் ஒரு தடவை மியூடூ தன் முறையையே இழந்து நிற்கும்.

எனவே மியூடூவை வீழ்த்த ஒரு ஆள் போதாது. முடக்க ஒருத்தர், புள்ளி பிடுங்க ஒருத்தர், வெடிக்க ஒருத்தர். மூவரில் இருவராவது சாவதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

மியூடூ வைத்திருப்பவன் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டுமே. புதுசாக ஆடுகிறவன் முதல் முறையிலேயே மியூடூவை இறக்கிவிடுவான். எதிராளிக்கு அதுதான் வேண்டும். தூக்கப் பொடியோ முடக்கமோ ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ளும். விவரமானவன் காத்திருப்பான். ஒரே நேரத்தில் ஒருத்தரைத்தான் தூங்க வைக்கலாம் என்பது போட்டிகளில் வழக்கமான விதி. முதலில் வேறு யாரையாவது தூங்கக் கொடுத்துவிடுவான். எதிரணியில் வெடிக்கக்கூடியவர்கள் எல்லாம் வெடித்து முடிக்கட்டும் என்று பொறுத்திருப்பான். அப்புறம்தான் துரை வருவார்.

இரண்டு பேரிடமும் மியூடூ இருந்தால் அது தனி ரகளை. மனோசக்தி மேல் மனோசக்தி பாதிதான் உறைக்கும். அதனால் சைக்கிக் உதவாது, ஐஸ் பீம் வேண்டும். இருவரும் 999-ல் நின்றால் ஒரு ஐஸ் பீமுக்கு சுமார் 80 புள்ளி போகும். ரிக்கவர் போட்டால் 207 திரும்பி வரும். விடிய விடிய இதே கூத்து. பத்தில் ஒரு தடவை ஐஸ் பீம் உறைய வைக்கும். அன்றைய ஆட்டத்தில் உறைந்தவன் தானாக உருகவே மாட்டான். நெருப்பு அடி பட்டால்தான் உண்டு. மணிக்கணக்கில் போட்ட திட்டம் ஒரு தாயக்கட்டையில் போய்விடும். இந்த இடம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மொத்த உயிரில் சரியாக 255 புள்ளி குறைந்திருந்தால் ரிக்கவர் வேலை செய்யாது. மியூடூவின் 415-ல் சரியாக 160 மிச்சம் இருந்தால் வித்தை பலிக்காது. 159-லும் பலிக்கும், 161-லும் பலிக்கும். கர்ணனுக்குக் கடைசி நேரத்தில் மந்திரம் மறந்த மாதிரி.

இத்தனையும் ஏட்டுச் சுரைக்காய். நிஜ ஆட்டத்தில் என்ன ஆகும் என்று போன மாதம் பார்த்தேன். அக்கா பையனுக்கும் அவன் ரூம்மேட்டுக்கும் பந்தயம். ரூம்மேட் அணியில் மியூடூ உண்டு, இவன் அணியில் கிடையாது. "மியூடூ இல்லாமலே மடக்கிக் காட்றேன்" என்று வாய் விட்டுவிட்டான். தோற்றால் ரூமில் ஆறு பேருக்கும் பிரியாணி. மாசக் கடைசி வேறு.

இவன் பக்கம் மூன்று பேர், அவன் பக்கம் நாலு பேர் காலியான நிலையில் இந்தக் கட்டம் வந்தது. நல்ல வேளையாக இவனுடைய சான்சி, இவர்கள் கணக்கில் இன்னும் சாகவில்லை என்று நினைத்தேன். அதாவது இவனிடம் மூன்று பேர் மிச்சம்: அடிபட்ட சான்சி, துளிக்கூட அடிபடாத ஸ்நோர்லாக்ஸ், டாரோஸ் என்ற காளை. அவனிடம் இரண்டே பேர்: மியூடூவும், கெங்கார் என்ற பேயும். மியூடூ களத்தில். முதல் காரியமாக அம்னீசியா. இவன் சான்சியை விட்டு தண்டர் வேவ். முடங்கியது. இப்போது சான்சி முந்தியது. சைஸ்மிக் டாஸ், கறாராக 100 புள்ளி. மியூடூ 315. பதிலுக்கு ஒரு சைக்கிக், சான்சி அவுட்.

ஸ்நோர்லாக்ஸ் உள்ளே வந்தது. முழு 523. எதிரே முடங்கிப்போன மியூடூ, 315. வெடித்தால் குறைந்தபட்சம் 325. நான் வாயைத் திறந்துவிட்டேன். "போடுடா, போடு!"

"சும்மா இருங்க மாமா."

"ஏன்டா?"

"கெங்கார் இருக்கு."

அப்போதுதான் உறைத்தது. பேய் மேல் வெடி படாது. இவன் வெடிக்கும் அதே முறையில் அவன் மியூடூவை உள்ளே இழுத்துக்கொண்டு கெங்காரை நிறுத்தினால், ஸ்நோர்லாக்ஸ் வீணாகச் செத்து, காளை ஒன்று மட்டும் பேயோடும் பூதத்தோடும் தனியாக நிற்கும். அந்த ரூம்மேட்டுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். இவனுக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தேன். நகத்தைக் கடித்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இவன் முணுமுணுத்தான். "நான் எர்த்க்வேக் போட்டு அவன் மியூடூவை மாத்தலைன்னா, தொண்ணூறு போகும். பதிலுக்கு சைக்கிக் போட்டான்னா நான் சாகமாட்டேன், அடுத்து வெடிச்சிடுவேன். ரிக்கவர் போட்டான்னாதான் சிக்கல். ஆனா கெங்கார் வந்துச்சுன்னா..."

எர்த்க்வேக். அழுத்திவிட்டான்.

கெங்கார்தான் வந்தது! பூமி அதிர்ச்சி விஷ வகைக்கு இரட்டிப்பு. முன்பே அடிபட்டிருந்த கெங்கார் அந்த ஒரே குலுக்கலில் காலி. ரூம்மேட் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பத்திரிகையில் போடமுடியாது.

இப்போது மியூடூ மட்டும். 315. மறைய இடம் இல்லை. வேகத்திலும் பின்தங்கிவிட்டது. "முடிஞ்சுதுடா" என்றேன். அக்கா பையன் தலையை ஆட்டினான். "256-ல ஒண்ணு மாமா." அதுவும் இந்த ஆட்டத்தின் ஓட்டை. நூறு சதவிகிதம் குறி தவறாது என்று எழுதியிருக்கும் அடிகூட 256-ல் ஒரு தடவை தவறும். ஆறு பிரியாணி அந்த ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

தவறவில்லை. 460 கிலோவும் வெடித்தது. திரையில் மியூடூ மெதுவாகக் கீழே சரிந்தது. களத்தில் யாருமே இல்லை. பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த காளைக்கு வெற்றி!

ஆட்டத்தை எழுதியவர்களே பின்னால் மியூடூவுக்குக் கடிவாளம் போட்டார்கள். 1999 நவம்பரில் தங்கம், வெள்ளி என்று அடுத்த ஆட்டம் வந்தபோது ஸ்பெஷலை இரண்டாக உடைத்தார்கள். அடிப்பதற்கு 154 அப்படியே, தாங்குவதற்கு 90. அம்னீசியா தாங்குவதை மட்டும் ஏற்றும், வாள் கூராகாது. பேய்க்கு உயிர் கொடுத்தார்கள், மனோசக்தி மேல் பேய் அடி இரட்டிப்பாக விழுந்தது. மனோசக்தி தொடவே முடியாத இருட்டு வகை என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆட்டம் நியாயமானது என்று நான் சந்தோஷப்பட்டேன். அக்கா பையனுக்கு இதில் அபிப்பிராய பேதம். "இருட்டு வகை ஒண்ணை நிறுத்தினா சைக்கிக் செத்துப்போச்சு. அதுல என்ன மாமா மூளை இருக்கு?"

பிரியாணி வந்தது. மாசக் கடைசி என்பதால் குஸ்கா.

மறு ஆட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். ரூம்மேட் இந்தத் தடவை மியூடூவின் நாலு வித்தையில் ஐஸ் பீமைத் தூக்கிவிட்டு பேரியர் வைக்கப் போகிறானாம். தற்காப்பை இரட்டிப்பாக்குகிற வித்தை அது. ஒரு பேரியர் விழுந்துவிட்டால் ஸ்நோர்லாக்ஸின் வெடி சுமார் பாதியாகச் சுருங்கிவிடும். அக்கா பையன் அணியில் பெர்ஷியன் என்று ஒரு பூனையைச் சேர்த்திருக்கிறான். அதன் ஸ்லாஷ் என்ற நகக்கீறல் 256-ல் 255 தடவை கிரிட்டிக்கல். கிரிட்டிக்கல் என்றால் பேரியர் செல்லாது. ஒரு கீறலுக்கு 127 முதல் 150 வரை.

"ஆனா அவன் ஒரு அம்னீசியா போட்டுட்டான்னா பூனை ஒரே அடியில காலி" என்று கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். அடுத்த வாரம் அவனுக்கு செமஸ்டர்.